பழனியம்மாளின் கன்னம்

“ஹலோ... ஹலோ, ஸ்டான்லியா? சோலைமுத்து பேசுறேன்ப்பா, டி.டி.பி. சென்டர்... ஆமா, ஆமா, போன மாசம் ஒன்கிட்ட அகல மானிட்டர் வாங்குன அதே ஏமாளிதான்... ஏலே, சிரிக்காத. எழுத்து மங்கலாத் தெரியுதுன்னு சொன்னேனே, அது கெடக்கட்டும். இது வேற வில்லங்கம். ஸ்கிரீன்ல படம் நல்லா இருக்கு, அச்சுல ஆளு மெலிஞ்சு வருது... நெனவஞ்சலி அட்டை. சாயங்காலத்துக்குள்ள அச்சுக்குப் போகணும்.”

அச்சகத்தில் சோதனைக்கு அடித்துக் கொடுத்த அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். ‘படத்தை நசுக்கிட்டீரே பாய்’ என்று காலையில்தான் அச்சகக்காரர் அப்துல் லத்தீப்போடு தெருவே கூடும்படி சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். கல்யாணப் பத்திரிகைகளில் எத்தனையோ மாப்பிள்ளைகளை வெளுப்பாக்கிக் கொடுத்த மனிதர், சொந்த மனைவி பழனியம்மாளை ஒரு தடவைகூட உட்கார வைத்துப் படம் எடுத்ததில்லை. கல்யாணப் படத்தைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சியது, ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டைக்காக எடுத்த ஒன்றுதான். அதை நேற்றுத் திரையில் திறந்தபோது, நோய்க்கு முந்திய கன்னத்தோடு அவள் பார்த்தாள். ஸ்கேனர் நல்ல ஸ்கேனர் என்று நினைத்துக்கொண்டார்.

“ஸ்கேலா? இருக்கு. எதுக்கு, அடிக்கப் போறியா?... சரி, சரி, ஸ்கிரீன்ல ஒரு சதுரம் போட்டுட்டேன். கண்ணாடி மேலயே வச்சு அளக்கவா?... உசரம் அஞ்சு சென்டி. அகலம்... இரு. அகலம் ஆறு... ஆமாப்பா, ஆறு! கணக்குல ரெண்டும் ஒண்ணுதானே?... அப்ப, பழைய டப்பா மானிட்டரோட அளவயே இதுலயும் விட்டுட்டேன், இது இழுத்து நெரப்பிக்கிருச்சுங்கிற... ஆமா... அதான் எழுத்தும் மங்கலா... எல்லாத்தையும் அகலமாக் காட்டுதா? எல்லாத்தையுமா?”

ஸ்கேலைப் பழனியம்மாளின் முகத்துக்கு நகர்த்தினார். பிறகு அளக்காமலே கீழே வைத்தார்.

“ம்... இருக்கேன். சொல்லு... ரைட் கிளிக்... செட்டிங்ஸ்... ஆயிரத்து நானூத்தி நாப்பது, தொள்ளாயிரம். அப்ளை.”

திரை இருண்டு விழித்தது. எழுத்தெல்லாம் ஊசியால் கீறியதுபோல் துல்லியமாக நின்றது. ‘இதையே வைத்துக்கொள்ளவா? இல்லையென்றால் பதினைந்து விநாடியில் பழையபடி ஆகிவிடும்’ என்று ஒரு சின்னப் பெட்டி ஆங்கிலத்தில் கேட்டது. அதன் பக்கத்தில், கன்னம் ஒட்டி, எலும்பு துருத்தி, பழனியம்மாள் இருந்தாள். சோலைமுத்துவின் கை மௌசைத் தொடவில்லை. விநாடிகள் தீர்ந்தன. எழுத்து மங்கியது, கன்னம் திரும்பி வந்தது.

“யெஸ்ஸா? அமுக்குனேனே... இல்ல, அமுக்கல. கை வழுக்கிருச்சு... ஆமா, ஆமா, பத்து வருசமா இதுலயேதான் கெடக்குறேன், மௌஸ் புடிக்கத் தெரியல, போதுமா?... மறுபடியுமா? சரி.”

மறுபடியும் பதினைந்து விநாடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஸ்டான்லி... கோவப்படாத. வேணும்னுதான் விட்டேன்... படம், நீ அக்கா அக்கான்னு கூப்புடுவியே, அவளோடது... ஆமாப்பா, பழனியம்மாதான். நீ வந்தா சோத்துக்குத் தொட்டுக்க ஒனக்குன்னு வெஞ்சனம் எடுத்து வைப்பாளே... ம். வர்ற வெள்ளியோட ஒரு வருசம்...”

அடுத்த முனையிலிருந்து ஒரு யோசனை வந்தது.

“என்னது?... படத்தையே அகலமா இழுத்துரவா?... தெரியும்ப்பா, ஒரு நிமிச வேல. ஊருக்கெல்லாம் செஞ்சவன்தானே.”

மௌசை எடுத்தார். வைத்தார்.

“வேணாம் தம்பி. செத்த நேரம் கேளு. கடைசி மூணு மாசம் கண்ணாடியக் கேட்டுக்கிட்டே இருந்தா, நாந்தான் ஒளிச்சு வச்சேன். ‘ஏனுங்க, ரொம்ப எளச்சுட்டேனுங்களா’ம்பா. கொங்குப் பக்கத்துத் தொப்பம்பட்டிக்காரி, அந்த வலியிலயும் ‘ங்க’ விட மாட்டா. ‘அடப் போடி, ஆஸ்பத்திரிச் சோத்துல ஒரு சுத்துப் பெருத்துட்ட’ம்பேன். சிரிப்பா... எம் மூஞ்சியப் பாக்காம சிரிப்பா... இல்லப்பா, ஒரு நா கூட நம்பல. அவ என்னமோ சொல்ல வந்துருக்கா. நான் ஜோக்கடிச்சே அவ வாய அடச்சுட்டேன்... இரு, அழல. சளி.”

மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“வச்சுராத. லைன்லயே இரு... அப்ளை குடுத்துட்டேன்... ஆமா, ஆமா, எழுத்து நல்லாத் தெரியுது... ஒம்பது... பேசாத, சும்மா இரு... அஞ்சு... நாலு...”

மௌஸ் ஒரு தடவை ‘டிக்’ என்றது.

“...அமுக்கிட்டேன்... ம்... நிக்குது. அப்படியே நிக்குது...”

அடுத்த முனையில் ஏதோ கேட்டது. அவர் காதில் வாங்கவில்லை.

“...ஆமா புள்ள. எளச்சுத்தான் போயிட்ட. ரொம்ப எளச்சுட்ட... இல்ல ஸ்டான்லி, ஒன்னச் சொல்லலப்பா. வச்சிர்றேன்.”