மேசைக்குப் பின்னால் தெளித்த தண்ணீர்

எங்கள் கடையில் செருப்பு வாசலோடு சரி. திருத்துறைப்பூண்டியில் துரைராசு சவுண்ட் சர்வீஸுக்கு நீங்கள் எப்போது வந்தாலும் படியில் நாலு ஜோடி கிடக்கும். சோறு போடுகிற பெட்டி என்று முதலாளி ஸ்பீக்கரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஒயரைச் சொருகுவார். பதினோரு வருஷம் நானும் அப்படித்தான். காத்தானை விட்டுவிடுங்கள், சார். அவன் ஜெனரேட்டர் ஓட்டுகிறவன். பாசித் செத்த விஷயத்தில் அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் சொல்கிறேன், ரைட்டரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் பெயர் காயாரோகணம். நாகப்பட்டினத்துக் கடற்கரைப் பிள்ளை. மேடையில் டிஜே காயா. ரைட்டர் சிரிக்கிறார், பரவாயில்லை, எல்லாரும் சிரிப்பார்கள். சென்னையில் பிறந்திருந்தால் யாராவது ஒரு ஹோட்டலில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் வெளியே தெரிவதற்குப் போட்டியை விட்டால் வேறு வழி கிடையாது. பத்து நிமிஷம் தருவார்கள், அதற்குள் பாட்டோடு பாட்டைக் கோத்துக் கூட்டத்தை ஆட வைக்க வேண்டும். கும்பகோணம், காரைக்கால், புதுக்கோட்டை என்று நாலு வருஷத்தில் ஒன்பது போட்டிக்குப் போனேன். ஆறு முறை இரண்டாம் இடம். அந்தக் கேடயங்களில் ஒன்றை என் அம்மா எல்லையம்மாள் அடுப்படிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள்.

பாசித் இறந்து இன்றோடு பதினெட்டு நாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஷார்ஜாவில் துணிக்கடை வைத்திருக்கிற அவன் அத்தா அனுப்பிய, பாட்டுக் கலக்குகிற மிக்ஸரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"அண்ணே, இத எப்படி ஆன் பண்றதுன்னுகூடத் தெரியல. கத்துக் குடுங்க."

"மொதல்ல செருப்பக் கழட்டுடா. தொழில் செய்யிற எடம்" என்றேன்.

கழற்றினான். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அவன் செருப்போடு நின்றதில்லை. மற்ற டிஜேக்கள் வெள்ளை ஷூ போட்டுக் குதிப்பார்கள், இவன் வெறுங்காலோடு நிற்பான். அதையும் ஒரு ஸ்டைல் என்று கூட்டம் கைதட்டியது. நான் சொல்லிக் கொடுத்ததுதான் அது.

பொறாமை என்று எழுதாதீர்கள். நான் நியாயம் பார்க்கிறவன். சென்னைக் கம்பெனி ஒன்று, பாசித் செத்த இந்தப் போட்டியை அறிவித்தது. ஜெயித்தவனுக்குத் துபாய் ஹோட்டலில் இரண்டு வருஷம் வேலை, விசா, டிக்கெட். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு முப்பது முடிய நாலு மாசம் பாக்கி. கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள், எங்கள் பக்கத்துக்கு அந்தப் பட்டணம் துபாய்தான். பாசித்துக்கு அவன் அத்தா கடையிலேயே விசா காத்திருந்தது. "துணி கிழிக்கவாண்ணே நான் பொறந்தேன்?" என்று அவன்தான் போகாமல் அடம் பிடித்தான். அவனுக்கு இரண்டு வழி இருந்தது, எனக்கு ஒன்று. இந்த ஒரு தடவை விட்டுக் கொடுடா என்று நேராகவே கேட்டேன்.

"ரெண்டு பேரும் வாசிப்போம்ணே. நான் ஜெயிச்சா ஒங்கள அங்க கூப்புட்டுக்கிறேன்" என்றான்.

கூப்பிட்டுக்கொள்வானாம். அந்த வார்த்தை எனக்கு ரொம்ப வலித்தது, சார்.

அரையிறுதி திருச்சியில். அங்கே அவன் என் அம்மாவின் குரலை வாசித்தான். எனக்குத் தெரியாமல் நாகப்பட்டினம் போய், அவள் தெருவில் மீன் விற்கிறதைப் போனில் பிடித்திருக்கிறான். "சங்கரா... சூடை... காரப்பொடீ..." அதற்கு அடியில் ஒரு தாளத்தைப் போட்டான். கூட்டம் நாற்காலியில் ஏறி நின்று ஆடியது. அவன் முதலிடம், நான் மூன்றாம் இடம். இரண்டு பேருமே இறுதிச் சுற்றுக்குத் தேறினோம். ஊருக்குப் போய் அம்மாவைக் கேட்டேன்.

"அந்தப் புள்ள வந்து பக்கத்துல ஒக்காந்து கேட்டுச்சு, மூணு தடவ கூவிக் காட்டுனேன். நீ ஒரு நாளாச்சும் எங்கிட்டக் கேட்டியா?" என்றாள்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

இறுதிப் போட்டி தஞ்சாவூருக்கு வெளியே. இந்த வருஷம் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. நடவு காணாமல் வெடித்துக் கிடந்த ஒரு வயலில் பந்தல் போட்டிருந்தார்கள். மதியம் மூன்று மணிக்குத் தொடக்கம். சவுண்ட் எங்கள் கடைதான். நான் போட்டிக்காரன் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒன்ன விட்டா ஒயரிங் யாருடா பாப்பா?" என்றார். சரி என்றேன்.

கடையில் ஒரு பழைய ஆம்ப் உண்டு. கரண்ட் கசியும், தொட்டால் சுரீர் என்னும். நிலத்தில் எர்த் கம்பி அடித்து ஒயரைக் கட்டிவிட்டால் சாதுவாகிவிடும். எத்தனையோ கல்யாணம் பார்த்த ஆம்ப். அதை அன்று வண்டியில் ஏற்றிப் போய், மிக்ஸர் வைக்கிற இரும்பு மேசை மேலேயே வைத்தேன். கம்பியை நானே அடித்தேன், காய்ந்த மண்ணில் எர்த் பிடிக்க உப்புத் தண்ணீரும் ஊற்றினேன்.

பிறகு புழுதி. மிக்ஸருக்குப் புழுதி ஆகாது. எந்த விசேஷமானாலும் தரையில் தண்ணீர் தெளிப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. இரும்பு மேசைக்குப் பின்னால், வாசிக்கிறவர் நிற்கிற இடத்தில் தாராளமாகத் தெளித்தேன். சென்னைக்காரப் பெண் ஒருத்தி தேங்க்ஸ் சொன்னாள். முதல் மூன்று பேர் ஷூக்காரர்கள், வாசித்துவிட்டுப் போனார்கள். நாலாவது பாசித், ஐந்தாவது நான். குடத்தில் மிச்சம் இருந்ததை அவன் வருவதற்கு முன் இன்னொரு முறை தெளித்தேன்.

"போதும்ணே, நாத்து நட்டுரலாம் போலருக்கு" என்று சிரித்தான்.

செருப்பை ஓரமாக விட்டு, பிஸ்மி சொல்லிக்கொண்டு நின்றான். காத்தான் டீசல் வாங்கப் போயிருந்தான். நான் ஜெனரேட்டர் பக்கம் போய் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டேன். இரண்டு திருகுதான். கை கொஞ்சம் நடுங்கட்டும், ஒரு பாட்டுப் பிசகட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒன்பதரை நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. மிக்ஸரில் குமிழெல்லாம் பிளாஸ்டிக். அம்மாவின் குரல் தொடங்கியதும் அவன் குஷியில் இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அப்படியே நின்றுவிட்டான். தோள் ஆடியது, தலை ஆடியது. கூட்டம் அதையும் ஆட்டம் என்று நினைத்து விசில் அடித்தது.

ஆம்புலன்ஸ் வந்த சந்தடியில் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தண்ணி வராத வருஷம், மண்ணுல ஈரம் இல்ல, எர்த் புடிக்கல என்று பெரிய பெரிய விவசாயிகளே சொன்னார்கள். உப்புத் தண்ணீர் ஊற்றவில்லை என்று காத்தானை நீங்கள் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பாசித்தின் அம்மா ஆமினா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, இத நீங்க வச்சுக்குங்க. அவன் இருந்தா ஒங்களுக்குத்தான் குடுப்பான்" என்று மிக்ஸரைக் கொடுத்தார்கள்.

வாங்கிக்கொண்டேன். நல்ல சாமான் வீணாகப் போகக் கூடாது.

இப்போது நீங்கள் காட்டுகிற இந்த வீடியோ. ஆமாம், மெயின் சுவிட்சில் கை வைத்து நிற்கிறவன் நான்தான். அணைக்காமல் இருபத்திரண்டு செகண்ட் நிற்கிறாய் என்கிறீர்கள். சரியாகத்தான் இருக்கும், நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அவன் முகம் எனக்குத் தெரிந்தது, என்னைத்தான் பார்த்தான். ஆனால் போட்டி விதியை நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும். நடுவில் சத்தம் நின்றுபோனால் வாசித்தது செல்லாது என்று போட்டிருக்கிறார்கள். அவன் அன்று அவ்வளவு நன்றாக வாசித்தான், சார். இன்னும் பதினாறு தாளம்தான் பாக்கி இருந்தது, அது முடியட்டும் என்று நின்றேன். அவனை நான் அநியாயமாகத் தோற்கடித்தேன் என்று நாளைக்கு ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.