சங்குக்குள் ஏறி இறங்கும் சர்க்கரை

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர், நம் கல்லூரித் தாளாளர் வேங்கடேசன் ஐயா அவர்களே! ஆய்வுக்குப் பரிசு வென்று திண்டிவனத்தையே தலைநிமிர வைத்த விலங்கியல் மாணவி ஆரோக்கியசெல்வி அவர்களே! விழுப்புரத்திலிருந்து வெயிலோடு வந்த பெரியோரே! விக்கிரவாண்டியில் பஸ் மாறி வந்த தாய்மார்களே! தமிழ் வாத்தியார் தென்னரசுவின் தலைதாழ்ந்த வணக்கம்!

விலங்கியல் விழாவில் தமிழ் வாத்தியாருக்கு என்ன வேலை? ஒருவருக்கு நன்றி சொல்ல, ஒருவருக்கு நியாயம் கேட்க! நம் ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைத்த குப்பம்மாளுக்கு ஆடியில் போன வேலை, தை முடிந்தும் திரும்பவில்லை. அதோ, பந்தலுக்கு வெளியே நிற்கிறார்.

சங்கின் ஓசையைக் கோயிலில் கேட்டவன் நான். அந்தச் சங்குக்குள் ஒரு சீவன் குடியிருக்கிறது, அதன் குருதியிலும் சர்க்கரை ஏறுகிறது, இறங்குகிறது என்று இந்தப் பெண் சொன்னபோது, இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்! என்னங்க ஐயா, சிரிக்கிறீங்க? சுகர் நம்ம குடும்பச் சொத்துன்னு நெனைச்சீங்களா?

மரக்காணத்து வலையில் சிக்கிய, சங்கு சுமக்கும் கடல் நத்தைகளை உப்புநீர்த் தொட்டியில் விட்டாள் ஆரோக்கியசெல்வி. வெறும் வயிற்றில் நமக்கு ரத்தம் எடுப்பதுபோல அவற்றுக்கும் எடுக்க வேண்டும் என்று பட்டினி போட்டாள். வந்தது ஆடி ஞாயிறு. தெருவெல்லாம் கூழ் ஊற்றுகிறார்கள். கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்புமாய் ஊரே வயிறு குளிர்ந்திருக்க, தொட்டியை எட்டிப் பார்த்தார் குப்பம்மாள். மனம் கேட்குமா? கருவாட்டைக் கழுவிக் கிள்ளிப் போட்டுவிட்டார்!

மறுநாள் ஊசியில் ரத்தம் எடுத்தால், பட்டினி கிடந்த நத்தைகளின் குருதியில் சர்க்கரை உச்சியில் நிற்கிறது! ஆய்வே பாழ் என்றார்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள். "கொறைச்சு எழுதிக்கினு போம்மா, யாரு பார்க்கப் போறா?" என்றார்கள். எழுதினாளா? இல்லை! "பொய் எழுத மாட்டேங்க. தின்னாம இது எப்படி ஏறும்?" என்று நின்றாள். அப்போது குப்பம்மாள் தானாகவே முன்வந்தார்.

"நான்தாம்மா போட்டேன். அம்மனுக்குக் கூழ் ஊத்துற அன்னிக்கு வாயில்லா ஜீவன் வவுறு காஞ்சிக்கினு கெடக்கலாமா?"

அந்த ஒரு வாய்ச் சொல்லுக்கு வேலை போயிற்று.

ஆனால் அவையோரே, அந்தக் கருவாடுதான் கதவைத் திறந்தது! அதற்குப் பிறகு ஆரோக்கியசெல்வி சிலவற்றுக்கு இரை கொடுத்தாள், சிலவற்றை வெறும் வயிற்றில் வைத்தாள். இரை தின்றால் ஏறியது. தின்றபின் ஊர்ந்து திரிந்தவற்றுக்குச் சீக்கிரம் இறங்கியது. ஓட்டுக்குள் முடங்கிக் கிடந்தவற்றுக்கு இறங்க மனமில்லை. எல்லாக் கடலுக்கும் இதுதான் சட்டம் என்று நான் சொல்லவில்லை. அவள் தொட்டியில் கண்டதைச் சொல்கிறேன்.

எண்ணிப் பாருங்கள்! நம் குருதி சிவப்பு, அதன் குருதி இளநீலம். நமக்கு முதுகெலும்பு உண்டு, அதற்கு இல்லை. நமக்குச் சமையல் உண்டு, சண்டை உண்டு, சாதி உண்டு; அதற்கு எதுவுமே இல்லை! ஆனாலும் உண்ட உணவு அந்தச் சிற்றுயிரின் ஒவ்வொரு குருதித் துளியையும் தித்திக்க வைக்கிறதே! எந்த ஆழத்தில், எந்த இருளில், யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு? இதை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, ஐயா. கும்பிடத் தோன்றுகிறது.

தாளாளர் ஐயா! விதியை மீறியது தவறுதான், மறுக்கவில்லை. மறைக்காமல் சொன்னாரே, அது தவறா? அவர் வாய் மூடியிருந்தால் இந்தப் பரிசு ஏது? இந்தப் பந்தல் ஏது? இந்த மாலை ஏது? பரிசு வாங்கிய கை இந்த மேடையில் இருக்கிறது; பசி பொறுக்காத கை பந்தலுக்கு வெளியே நிற்கலாமா?

கைதட்டல் போதுங்க, கொஞ்சம் பொறுங்க... ஐயா என்ன சொல்றார்? "வரச் சொல்லுங்க" என்கிறார்! தலையசைத்துவிட்டார்! குப்பம்மா, கேட்டுச்சா? நாளைக்குக் காலையிலேயே வேலைக்கு வந்துடுங்க!

என்னம்மா கேக்கறீங்க? சத்தமா சொல்லுங்க... தாய்மார்களே, அவர் நன்றி சொல்லவில்லை. கேட்கிறார்: "சரிங்க, வந்துர்றேன். இன்னிக்கு எல்லாரும் இங்கயே குந்திக்கினு கீறீங்களே, தொட்டியில கீற அதுங்களுக்கு யாரு எரை வெச்சது?"

ஆரோக்கியசெல்வி, எழுந்து ஓடும்மா! நன்றியுரையை நானே முடித்துவிடுகிறேன். கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம்!