எல்லைக்குள் ஒரு விலாசம்

மாடிப்படி ஏறுவது உடம்புக்கு நல்லது என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். டாக்டர்கள் சொல்கிறார்கள், பத்திரிகையில் போடுகிறார்கள், எங்கள் கம்பெனி முதலாளியே ஒருமுறை சொன்னார். அவர் விற்பதோ லிஃப்ட். அப்படியிருக்க, ஒரு பெரியவர் நாலேமுக்கால் மாடி ஏறினார் என்பதற்காக என்னை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, இவ்வளவு பொறுமையாக நீங்கள் கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது சார். டீ நன்றாக இருந்தது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

எழுதிக்கொள்ளுங்கள். தொழில், லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருஷம். என் கையில் ஒரு லிஃப்டும் அறுந்ததில்லை. மனைவி துணிக்கடைகளுக்கு ஆல்டரேஷன் தைத்துக் கொடுக்கிறாள். ஒரே மகள், வயது பத்து. நடந்ததெல்லாம் அவளுக்காகத்தான். அதைப் புரிந்துகொண்டால் மீதி தானாகப் புரிந்துவிடும்.

எங்கள் பழைய பேட்டையிலும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கட்டடம் இருந்தது, மணி இருந்தது. அறிவியல் வாத்தியார் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பீரியடில் பிள்ளைகளைக் கைகட்டி, வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்வார்கள். என் மகள் அதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெற்ற மனசு எப்படித் தாங்கும், சொல்லுங்கள்.

அப்போதுதான் இந்தப் பேட்டையின் பள்ளியைப் பற்றி விசாரித்தேன். நல்ல பள்ளி. அதனால்தான் அதில் சேர்ப்பதற்குப் படிப்பு தேவையில்லை, விலாசம்தான் தேவை. மேற்கே ரயில் பாதை, கிழக்கே வாய்க்கால் பாலம், இதற்குள் குடியிருக்கிறவர்களின் பிள்ளைக்கு மட்டும் இடம். பொய் விலாசம் கொடுப்பவர்களைப் பிடிக்க ஓர் அலுவலர் வருஷத்துக்கு இரண்டு முறை வீடு வீடாக வருவார். குளியலறைக்குள் போய்ப் பல் துலக்கும் பிரஷ் எத்தனை என்று பார்த்துவிட்டு, ஈரமாக இருக்கிறதா என்று தொட்டும் பார்ப்பார். குடும்பம் நிஜமாகவே அங்கே இருந்தாக வேண்டும். இங்கே வாடகை என்னவென்று கேட்டேன். புரோக்கர் சொன்னதை அவருடைய போன் நம்பர் என்று நினைத்துக் குறித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் பெரியவர் வருகிறார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்தாவது மாடியில் பெரிய ஃபிளாட், தனி ஆள், பலவீனமான இதயம். ஒரு மாடிக்கு மேல் படியேறினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்டோ வாரத்துக்கு ஒருமுறை மக்கர் பண்ணும். பார்க்கப் போவது நான். ஒருமுறை இரண்டு நாள் கீழே வரமுடியாமல் கிடந்தவர், லிஃப்ட் ஓடியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இங்கயே குடும்பத்தோட வந்துடேன்ப்பா. பின்னாடி ரூமும் சின்னச் சமையலறையும் சும்மாதான் கிடக்கு. வாடகைய உன்னால முடிஞ்சதைக் குடு."

அவருக்கு வீட்டோடு ஒரு மெக்கானிக். எனக்கு எல்லைக்குள் ஒரு விலாசம். இரண்டு பேருக்குமே லாபம். வந்துவிட்டோம்.

பள்ளி சொன்னபடியே நல்ல பள்ளிதான் சார். மூன்றே மாதத்தில் பெண் வாயிலிருந்து விரலை எடுத்தாள், பிறகு வாயை மூடவே இல்லை. எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்பாள். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றால் அதற்கும் எப்படித் தெரியும். "நீங்க பார்த்தீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?" அது அவளுடைய டீச்சரின் பாடம். பார்த்ததை மட்டும் எழுது, கேட்டதை எழுதாதே. என் மனைவிக்கு நாக்குத் தள்ளிவிடும். எனக்கோ தலைகால் புரியாத பெருமை. பெரியவர் அவளைக் கலெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவளும் தாத்தா தாத்தா என்று அவர் பின்னாலேயே சுற்றுவாள்.

என் பிறந்தநாளுக்கு அவள் ஒரு பலகை செய்து கொடுத்தாள். 'லிஃப்ட் பழுது. ஏறாதீர்கள்.' சிவப்புப் பெயின்ட், முத்து முத்தான எழுத்து, கீழே சின்னதாக ஒரு திருப்புளிப் படம், அதன் பக்கத்தில் அவள் பெயர். நானும் அதைத்தான் எல்லா இடத்துக்கும் கொண்டுபோவேன். இந்தப் பலகை விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் தொழிலில் முதலில் மொட்டைமாடி மெஷின் ரூமில் மெயினை இறக்கி, லிஃப்டுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் பலகையை மாட்ட வேண்டும். மாட்டியவன் தவிர வேறு யாரும், கட்டடத்துக்குச் சொந்தக்காரரே வந்தாலும், கழற்றக் கூடாது. உள்ளே ஒருவன் உயிர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் பலகையைப் பார்த்தால் யாரும் பொத்தானைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை.

போன வருஷக் கடைசியில் பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"மகன் வந்துடுங்கறான்ப்பா. ஃபிளாட்டை வித்துட்டு அவன்கூடப் போயிடலாம்னு இருக்கேன். உனக்கு மூணு மாசம் போதுமா?"

 பணிவாகத்தான் கேட்டேன். "ஐயா, பாப்பா படிப்பு முடியற வரைக்கும் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?"

அவர் சிரித்தார். "அதுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கே. அதுவரைக்கும் நான் இருப்பேனாப்பா?"

அந்தப் பேச்சை முதலில் எடுத்தது அவர்தான் சார். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "பழைய இடத்துக்கே போயிடலாங்க. அவ எங்க இருந்தாலும் படிப்பா." அவள் அப்படித்தான், எதையும் தூர யோசிக்கமாட்டாள். நான் யோசித்தேன். பெரியவருக்கு ஒரு மகன், ஒரு மகள். அம்மா விட்டுப்போன ஒரு பீரோ யாருக்கு என்பதில் ஏழு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பீரோவுக்கே ஏழு வருஷம் என்றால், ஃபிளாட்டுக்கு என் மகள் டாக்டர் பட்டமே வாங்கிவிடலாம். கோர்ட்டில் வழக்கு முடியும்வரை குடியிருப்பவனை யாரும் அசைக்க முடியாது. பெரியவர் விற்றால் மூன்று மாதம். விற்காமல் போய்ச் சேர்ந்தால் எட்டு வருஷம். இதில் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவரை எனக்குப் பிடிக்கும்.

அது ஒரு சனிக்கிழமை. பதினொரு மணிக்கு வாங்குகிறவர்கள் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு அவர் லிஃப்டில் இறங்கி, முனையில் இருக்கும் சலூனுக்கு முகச்சவரத்துக்குப் போனார். நான் கீழ்த்தளத்தில் பலகையை மாட்டினேன். மெயினை இறக்கவில்லை. மொட்டைமாடிக்குப் போய் இறக்கினால் திரும்பிப் படியில்தான் வர வேண்டும். எனக்கு முட்டிவலி.

பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினார். முகம் பளிச்சென்று இருந்தது, பவுடர் வாசனை. பலகையைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

"என்னப்பா, இன்னைக்குன்னு பார்த்தா?"

"கயிறு ஐயா. ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

வாட்ச்மேனுடைய நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதில் உட்கார்ந்து, வருகிறவர்களைக் கீழேயே பார்த்துப் பேசி அனுப்பியிருக்கலாம். அவரும் அந்த நாற்காலியைப் பார்த்தார்.

"பத்திரம் எல்லாம் மேல இருக்கே ஐயா," என்றேன். "அவங்களுக்கு அடுத்து இன்னொரு ஃபிளாட் பார்க்கற வேலை இருக்குன்னீங்க. மெதுவா ஏறலாம். நான் கூட வரேன். மாடிக்கு மாடி நின்னு போலாம்."

"டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காரேப்பா."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. எங்கப்பா எண்பது வயசுல மூட்டையோட ஏறினாரு."

என் அப்பா ஐம்பத்தொரு வயதில் இறந்துபோனார். அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

அவர் கைப்பையை நான் வாங்கிக்கொண்டேன், தோளைப் பிடித்துக்கொண்டேன். பெற்ற பிள்ளைகூட அப்படிப் பிடித்து ஏற்றமாட்டான். முதல் மாடியில் நின்றோம். இரண்டாவதில் நிற்கவில்லை. கலெக்டரம்மா வகுப்பில் அடித்த கூத்தை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஏறிக்கொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏறுவது கஷ்டம், தெரியுமோ என்னவோ. மூன்றாவது மாடி திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு வெளிறியிருந்தது.

அப்போது மேலேயிருந்து என் மகளின் குரல் கேட்டது.

"அப்பா, லிஃப்ட் இங்கதான் நிக்குது. அனுப்பவா?"

அவள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று நினைத்திருந்தேன். பெரியவர் என்னைப் பார்த்தார்.

"அது பழுதும்மா. தொடாதே," என்று மேலே பார்த்துச் சொன்னேன். பிறகு அவரிடம், "குழந்தை விளையாடுது ஐயா. பலகை மாட்டினப்புறம் ஏறக்கூடாதே."

அவர் தலையாட்டினார். வேலையில் இருந்த நாளெல்லாம் ஒழுங்குமுறை தவறாதவர். பலகைக்குக் கட்டுப்பட்டவர். மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்.

நாலாவது மாடியும் தாண்டி, ஐந்தாவதுக்குக் கொஞ்சம் இருக்கும்போது உட்கார்ந்துவிட்டார். "இன்னும் அஞ்சாறு படிதான் ஐயா," என்றேன். அவர் தண்ணீர் என்று சைகை காட்டினார். கொண்டுவரப் போனேன். போகும்போது சாவியை எடுத்து அவரே என் கையில் கொடுத்தார். மகள் லிஃப்டுக்கு எதிரே தரையில் நோட்டும் கடிகாரமுமாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகச் சொன்னேன். டம்ளரைக் கழுவினேன், துடைத்தேன், தண்ணீர் பிடித்தேன். நிதானமாகத்தான் வந்தேன். அவசரப்பட்டால் சிந்திவிடும் அல்லவா. வந்தபோது அவருக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. கீழே இறங்கிப் போய்ப் பலகையைக் கழற்றினேன். வாங்க வந்தவர்கள் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார்கள். லிஃப்டில்.

அதற்குப் பிறகு எல்லாம் நான் யோசித்தபடியே நடந்தது. அவர் மகன் என்னைக் கட்டிக்கொண்டு, "எங்கப்பாவைக் கடைசிவரை நீங்கதான் பார்த்துக்கிட்டீங்க," என்று அழுதான். நானும் அழுதேன். அது பொய் இல்லை. ஒரே வாரத்தில் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு வக்கீல் வைத்துக்கொண்டார்கள். ஃபிளாட்டில் ஒரு ஆணிகூட அசையாது என்று ஆகிவிட்டது. என் மகள்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சின்னப் பிள்ளை, தேறிவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பள்ளி எவ்வளவு நல்ல பள்ளி என்பதை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுப்பாடம், ஏதாவது ஓர் இயந்திரத்தைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கவனித்து, பார்த்ததை மட்டும் எழுதுவது. மகள் எடுத்துக்கொண்டது லிஃப்டை. அப்பாவின் தொழில் மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை. அந்த நோட்டு இதோ உங்கள் மேஜையில் இருக்கிறது, இருந்தாலும் படிக்கிறேன்.

'10.15. லிஃப்ட் கீழே நிற்கிறது. 10.30. பொத்தானை அழுத்தினேன். இருபத்திரண்டு விநாடியில் வந்தது. உள்ளே யாரும் இல்லை. 10.45. படியில் அப்பா குரலும் தாத்தா குரலும் கேட்டன. லிஃப்டை அனுப்பவா என்று கேட்டேன். பழுது என்று அப்பா சொன்னார். 11.00. கீழே போய் இரண்டு பேரை ஏற்றி வந்தது. முடிவு: லிஃப்ட் நன்றாக ஓடுகிறது.'

கீழே பெற்றோர் கையொப்பம். என்னுடையதுதான். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காமல் போட்டேன். பார்க்கப்போனால் என் முதல் ஒப்புதல் வாக்குமூலம் அதுதான் சார், இது இரண்டாவது. இந்த வருஷம் அவள் நோட்டில் நான் படிக்காமல் போட்ட ஒரே கையெழுத்து அது.

டீச்சர் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டு, 'மிக நன்று. ஓடும் லிஃப்டை அப்பா ஏன் பழுது என்றார்? விசாரித்து எழுதவும்' என்று குறிப்பு வைத்திருக்கிறார். மகள் விசாரித்தாள். வாட்ச்மேனிடம், பலகை எத்தனை மணிக்குத் தொங்கியது என்று கேட்டாள். என் கம்பெனிக்கே போன் போட்டு, அன்றைக்கு அந்த லிஃப்டுக்கு ரிப்பேர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். கடைசியாக என்னிடம் வந்தாள்.

"மெயினை இறக்கினீங்களாப்பா?"

"இறக்கினேன்மா."

அதையும் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 'இது கேட்டது, பார்த்தது அல்ல.'

டீச்சர் இரண்டாவது அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அப்படி ஒரு டீச்சர் பழைய பள்ளியில் இருந்திருந்தால் நாங்கள் இடம் மாறியிருக்கவே மாட்டோம்.

ஆக, நான்தான் செய்தேன். ஓடும் லிஃப்டில் பலகை மாட்டியதும், டாக்டர் வேண்டாம் என்றதைத் தெரிந்தே அவரை ஏற்றியதும், குழந்தை அனுப்பவா என்று கேட்டபோது வேண்டாம் என்றதும், தண்ணீரைத் தாமதமாகக் கொண்டுவந்ததும் நான். அவர் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். மழுப்ப ஒன்றுமில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இந்த முறை படித்துவிட்டுப் போடுகிறேன்.

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பழைய பேட்டைக்குப் போய்விட்டாளாம். பெண் இனி இந்தப் பள்ளிப் பக்கமே வரமாட்டேன் என்கிறாளாம். பலகையைக் கேட்டு வாங்கித் தன் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டாள் என்றும் சொன்னார்கள். பத்து வயது, அவளுக்கு என்ன தெரியும். நாலு நாளில் சரியாகிவிடும். அதற்குள் இடம் பறிபோகாமல் பார்த்துக்கொள்வது தகப்பன் கடமை. அப்பா, அம்மா இரண்டு பேரில் ஒருவர் எல்லைக்குள் இருந்தால் போதும் என்று விதியிலேயே இருக்கிறது.

விலாசம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறீர்களே. இந்த ஸ்டேஷன் விலாசத்தையே போடுங்கள் சார். வண்டியில் வரும்போது பார்த்துக்கொண்டேதான் வந்தேன், வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஒரு பல் துலக்கும் பிரஷ் மட்டும் வாங்கித் தரச் சொல்லுங்கள்.