மஞ்சக்கானலில் யாரும் இருமுவதில்லை

முதலில் அந்தக் காபியைக் குடித்துவிடுங்கள், ஐயா. எங்கள் மலைக்காபி ஆறினால் கசப்பு ஏறிவிடும். மதுரையிலிருந்து வந்த சுவாமிநாதன் சாரைக் காணவில்லை என்றுதானே பள்ளங்கியிலிருந்து இவ்வளவு தூரம் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்திருக்கிறீர்கள்? அவரைக் காணாமல் செய்தது நான்தான். அவரை மட்டும் அல்ல. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் சிவபாக்கியம். பழனி அடிவாரத்தில் பிறந்தவள். என் அப்பா பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் கடையில் தேங்காய்கள் எல்லாம் குடுமி ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஒன்று திரும்பியிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து என்னை இந்த மஞ்சக்கானலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இங்கே ஒரு வீட்டு வாசல்கூட இன்னொரு வாசல் பார்க்கும் பக்கம் பார்க்காது. நான் யாரிடமும் குறை சொல்லவில்லை. காத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பொன்னுவேல் பஞ்சாயத்துத் தலைவரானார். தலைவர் என்ற பெயர் அவருக்கு, வேலை எனக்கு. ஊரார் என்னைத் தலைவரம்மா என்று கூப்பிடுவார்கள்.

போன ஐப்பசியில் கந்தம்மாளுக்கு வலி கண்டது. தொட்டில் கட்டி மேலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடைமழை. பாதி வழியில், பாறைக்கு அடியில் பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டு உயிரும் தப்பியது முருகன் செயல். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், ஐயா. அந்தக் குழந்தை சேற்றிலே கிடந்து கத்தியதைக் கேட்டபோது, இந்த ஊருக்கு ரோடு வராமல் நான் சாகமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். அதனால்தான், மாவட்டத்திலேயே ஒழுங்கான மாதிரி கிராமத்துக்கு இந்த வருஷம் ஜீப் ரோடு போடுவார்கள், ஒரு அதிகாரி வந்து ஊரிலேயே தங்கிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார் என்று செய்தி வந்ததும், நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

தெருவோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். கோழிகளை நிறம் பார்த்துப் பிரித்தேன். வெள்ளைக் கோழி மேலத்தெருவில், சிவப்புக் கோழி கீழத்தெருவில். பிள்ளைகள் ஒரே குரலில் வணக்கம் சொல்லப் பழகினார்கள். மிச்சம் சரியில்லாமல் கிடந்தது பெரியவர்கள்தான்.

சரிவிலே வெள்ளைக்காரர் காலத்துக் கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் குதிரை லாயம், இப்போது எங்கள் கிழங்குக் கிட்டங்கி. உருளைக்கிழங்கு மூட்டை போக நல்ல இடம் கிடக்கும். அதிகாரி இருந்துவிட்டுப் போகும்வரை சிலரை அங்கே வைத்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்று தோன்றியது. இதில் கொடுமை ஒன்றும் இல்லை. விதைக்கிழங்கை அழுகல் கிழங்கிலிருந்து பிரித்து வைப்பதில்லையா?

முதலில் செல்லப்பாண்டியை அனுப்பினேன். அவர் குடித்தால் அடிக்க மாட்டார், பேசுவார். நடுத்தெருவில் நின்று, தானே தலைமை தாங்கி, தானே நன்றியும் சொல்லி முடிப்பார். அடுத்தது கருப்பம்மாளும் அவள் ஓரகத்தி முனியாயியும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பேரிக்காய் மரம். அது யாருடையது என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சண்டை. ஒருத்தியை மட்டும் அனுப்பலாம் என்று பார்த்தேன். "அவ இல்லாம நான் மட்டும் அங்க போயி யாரு மொகத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்க?" என்று கருப்பம்மாள் கேட்டாள். சரி என்று இருவரையும் அனுப்பினேன். இருமுகிற கிழவர்களையும், குரைக்கிற நாய்களையும் அவர்களோடு சேர்த்தேன்.

கடைசியாக என் வீட்டுக்காரர். அவருக்குப் பொய் சொல்ல வராது. "சௌக்கியமா" என்று யாராவது கேட்டுவிட்டால் வயிற்று நிலவரத்தை விலாவாரியாகச் சொல்லுவார். முன்பு ஒரு அதிகாரி ஊரின் புதுக் கழிப்பறையைப் பாராட்டியபோது, "அதுல பூண்டு காயப் போட்டுருக்கோம்ங்க, நல்லாக் காயுது" என்று சொன்ன மனிதர். அவரிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னேன்.

"அங்க நீ வரமாட்டியே?" என்றார்.

"எனக்கு இங்கே சோலி இருக்கு" என்றேன்.

"அப்ப வெரசாப் போறேன்" என்று ஜமக்காளத்தைச் சுருட்டிக் கிளம்பினார். என் சிரமத்தைப் புரிந்துகொள்கிற மனிதர்.

சுவாமிநாதன் சார் வந்தார். ஒல்லியான ஆள். கழுத்தில் மப்ளர், காதில் பஞ்சு. துப்பறியும் கதைகள் நிறைய படிப்பார் போலிருக்கிறது, எதையும் குனிந்துதான் பார்ப்பார். முதல் நாள், "இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததே இல்லைம்மா" என்றார். மறுநாளும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது.

"இந்தக் குளிர்ல இங்க யாருமே இருமலையே?" என்று கேட்டார்.

"எங்க ஊர்த் தண்ணி அப்படிங்க."

"நாய் ஒண்ணுகூடக் குரைக்கலை."

"குரைக்கிறதுக்கு அதுங்களுக்கு இங்கே முகாந்திரம் இல்லைங்க."

அவர் குனிந்து, சுண்ணாம்புக் கல் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு மண்புழு இருந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சந்தேகம் ஊறத் தொடங்கியது. ஊரின் அடியில் ஏதோ பயங்கரம் புதைந்திருக்கிறது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நான் அதற்கும் ஏற்பாடு செய்திருந்தேன். யாரைப் பற்றிக் கேட்டாலும் "கல்யாணத்துக்குப் போயிருக்காங்க" என்று சொல்லும்படி டீக்கடை ஞானவேலைப் பழக்கியிருந்தேன். ஞானவேல் கீழ்ப்படிகிற ஆள், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

"செல்லப்பாண்டின்னு ஒருத்தர் இருக்காராமே?" என்று சார் கேட்டார்.

"கல்யாணத்துக்குப் போயிருக்காருங்க."

"தலைவர்?"

"கல்யாணத்துக்குங்க."

"உங்க சம்சாரம்?"

"அவளும் கல்யாணத்துக்குத்தாங்க." அவன் பெண்டாட்டி பின்னாலேயே நின்று கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப்பா கல்யாணம்?"

ஞானவேல் வியர்த்துப்போய், "அவளுக்குத்தாங்க" என்றான்.

அன்று மாலையே அவனையும் அவன் பெண்டாட்டியையும் கிட்டங்கிக்கு அனுப்பவேண்டி வந்தது. இதைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகளை மறுநாள் அனுப்பினேன். பிள்ளைகளை விட்டு இருக்கமாட்டோம் என்று தாய்மார்கள் சொன்னார்கள், அது நியாயம்தான். தாய்மார்கள் போனதும் சமைக்க ஆளில்லை என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். மாதிரி கிராமத்துக்கு முணுமுணுப்பு ஆகாது. சொல்வதற்கு முன்பே சிலர் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அத்தனை கட்டுப்பாடு. ஒவ்வொருவர் பின்னாலும் கதவைச் சாத்தியது இந்தக் கைதான், ஐயா.

ஊர் அதன்பிறகு மிக அழகாக இருந்தது. நீங்கள் வந்தபோது தெருவைப் பார்த்திருப்பீர்களே.

ஆனால் சுவாமிநாதன் சார் மெலிந்துகொண்டே வந்தார். சாப்பாட்டில் நான் குறை வைக்கவில்லை. ஊட்டச்சத்து வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, உப்பு இல்லாமல் வேகவைத்த பீன்ஸும் கேழ்வரகுக் கூழும் வேளை தவறாமல் கொடுத்தேன். ஒரு மத்தியானம் அவர் குடையை ஈட்டி மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, நான் வந்தப்ப ஊர் நிறைய ஆள் இருந்தாங்க. இப்ப நீங்களும் நானும் கோழியும்தான் இருக்கோம். தினமும் ஒரு பானையைத் தூக்கிட்டுச் சரிவுல இறங்குறீங்க. காலிப் பானையோட வர்றீங்க. அங்க எதுக்குப் படைக்கிறீங்க? உண்மையைச் சொல்லிடுங்க. நரபலியா?"

"நரபலின்னா பஞ்சாயத்துல தீர்மானம் போடணும்ங்க" என்றேன். "இந்த ஊர்ல தேவையான ஆள் எண்ணிக்கை என்னைக்குங்க சேர்ந்திருக்கு?"

அப்போது சரிவிலிருந்து நீளமாக ஒரு ஓலம் வந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. "யாரோ உயிர் போற மாதிரி கத்துறாங்களே."

அது என் வீட்டுக்காரர் காவடிச்சிந்து பாடுவது. அதைச் சொன்னால் அவர் இருக்கிற இடத்தையும் சொல்லவேண்டி வரும். "காத்துங்க" என்றேன்.

"காத்து அரோகரான்னு சொல்லுமா?" என்று கேட்டுவிட்டு, குடையோடு சரிவை நோக்கி ஓடினார். பயந்த மனிதர்தான். ஆனாலும் கத்துகிறவனைக் காப்பாற்றத்தான் ஓடினார், அதை நான் மறுக்கமாட்டேன். பானையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். வழி வழுக்கும் என்று இரண்டு தடவை எச்சரித்தேன். இரண்டு தடவையும் வழுக்கி விழுந்தார்.

கிட்டங்கிக் கதவைக் குடையால் இடித்தார். "போலீஸ்" என்று பொய்யும் சொன்னார். உங்கள் காதில் போட்டுவைக்கிறேன். கதவு திறந்தது.

உள்ளே நான் பார்த்ததை உள்ளபடி சொல்கிறேன். கிழங்கு மூட்டைமேல் ஏறி நின்று செல்லப்பாண்டி கண்டனக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். ஊரே கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தது. கருப்பம்மாளும் முனியாயியும் பேரிக்காய் மரச் சண்டையைப் போட, இந்தப் பக்கம் பாதிப்பேர், அந்தப் பக்கம் பாதிப்பேர் நின்று எடுத்துக்கொடுத்தார்கள். கிழவர்கள் மனம் நிறைய இருமினார்கள். நான் அனுப்பிய பீன்ஸை நாய்கள்கூடத் தொடவில்லை, மூலையில் குவிந்து கிடந்தது. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கந்தம்மாளின் பிள்ளை ஞானவேல் தலைமேல் உட்கார்ந்துகொண்டு அவன் காதைத் திருகிக்கொண்டிருந்தது. ஒருவர்கூட ஒழுங்காக உட்கார்ந்திருக்கவில்லை.

சுவாமிநாதன் சார் வாசலில் நின்றார். மூக்கு விடைத்தது. காதிலிருந்த பஞ்சை எடுத்துக் கீழே போட்டார்.

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்து, "சௌக்கியமாங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க. வந்ததுலேருந்து வயிறே சரியில்லை" என்றார் சார்.

"அடடே, உள்ள வாங்க. விவரமாச் சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷத்தோடு அவர் யாரையும் வரவேற்று நான் பார்த்ததில்லை. முனியாயி தட்டை வைத்தாள். சார் குடையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

நான் கதவைச் சாத்தினேன். யோசித்துத்தான் செய்தேன். ஒரு அரசாங்க அதிகாரியை, ஒரு முழு ஊரை, பால் குடிக்கிற பிள்ளை உட்பட, ஒரு கிழங்குக் கிட்டங்கியில் சிறை வைத்தவள் நான். இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். காலையில் நீங்கள் பார்த்துவரச் சொல்லி அனுப்பிய கான்ஸ்டபிளும் இன்னும் திரும்பவில்லை அல்லவா? அவரும் அங்கேதான். குழம்பு வாசம் அடிக்கும்போதே அவர் நடை மாறியதைப் பார்த்தேன்.

ஒரு விஷயத்தில் எனக்கு நிம்மதி. நேற்றுப் பானையோடு போனபோது உள்ளே சுவாமிநாதன் சார் மூட்டைமேல் ஏறிப் பேசுவது கேட்டது. "இந்த ஊருக்குத்தான் ரோடு. எழுதி அனுப்புறேன். ஏன்னா நான் வருஷா வருஷம் இங்க வந்தாகணும்" என்றார். ஒரே கைதட்டல். ஆக, நான் ஊரை ஒழுங்குபடுத்தியது வீண்போகவில்லை. இனிமேல் கந்தம்மாள் மாதிரி யாரும் பாறையடியில் பெற வேண்டியதில்லை. அதற்காக நான் ஜெயிலுக்குப் போனாலும் சரி. மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும் இப்போது நான்தான் காலையில் வணக்கம் சொல்கிறேன், நானே பதிலும் சொல்லிக்கொள்கிறேன். ஒரு சுருதி பிசகுவதில்லை.

கிளம்புகிறீர்களா? காபி அப்படியே இருக்கிறதே.

சாவியா? சாவி கிடையாது, ஐயா. நான் பூட்டவே இல்லை. தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது. நான் போய்த் தட்டினால், "பானையை வெளியவே வச்சுட்டுப் போங்க தலைவரம்மா" என்பார்கள். செய்த தப்பு உறுத்துகிறது போலிருக்கிறது, என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார்கள்.

நீங்கள் தட்டும்போது நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் திறக்கமாட்டார்கள். என்மேல் அத்தனை மரியாதை.