பின்பாதி சொல்ல ஆளில்லை

உப்புவெளி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜப்பானுக்கு வேலைக்குப் போக ஒன்றாக மொழி படித்தவர்கள். ஒருத்திதான் பாஸ் என்று அவர்கள் கதைத்ததில் விளங்கியது.

"பேச்சுச் சோதினையில வசனத்தின்ர முன்பாதியைச் சொல்லிப்போட்டுப் பேசாமல் இருந்திட்டனடி," என்றாள் மற்றவள்.

"ஏன்? 'ஆனபடியால்' எண்டுறதுக்கு 'கரா' போட்டுக் காரணத்தோட மிச்சத்தைச் சேர்க்கிறதுதானே."

"தெரியும். வகுப்பில எப்பவும் நான் முன்பாதி, நீ பின்பாதி. அந்தப் பழக்கத்தில, சோதினை அறையிலயும் நீ சொல்லுவாயெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

பாஸானவள் யன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் உன்னை ஒருநாளும் முழுசாச் சொல்ல விடேல்லை."

"அதை விடு. எப்ப வெளிக்கிடுறாய்?"

"அடுத்த மாதம். நீ திரும்பச் சோதினை எடுப்பாய்தானே?"

"ஓம், எடுக்கலாம். ஆரோட இருந்து பழகுறது?"