பச்சைக்கு வராத முள்

பிக்சர் டியூப் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள், ஐயா. பாதிக்குப் பாதி அது உயிரோடுதான் இருக்கும். கோளாறு வேறெங்கோ இருக்கும். பழி மட்டும் டியூபின் தலையில் விழும். நீங்கள் கேட்ட விஷயம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் முதலில் சொல்லிவைக்கிறேன்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு விளையாட்டுக் கூடத்தில். நாங்கள் என்றால் நானும் என் தங்கையின் கணவரும். பீரோ உயரத்துக்குப் பழைய வீடியோ கேம் பெட்டிகள் நாற்பது இருந்தன. எல்லாவற்றிலும் கனமான கண்ணாடி டியூப் வைத்த மானிட்டர். அந்த டியூபை இப்போது எங்கும் செய்வதில்லை. ஒன்று போனால் போனதுதான். படம் மங்கினால் குறை டியூபிலா போர்டிலா என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. முதலாளி ஒருநாள், "இப்படியே போனா எல்லாத்தையும் ஏறக்கட்டிட வேண்டியதுதான்" என்றார். "டியூப சோதிக்கற டெஸ்டர் ஒண்ணு மட்டும் இருந்தா நிமிஷத்துல சொல்லிடுவேன் சார்" என்று நான் எல்லார் முன்னாலும் வாய்விட்டுவிட்டேன்.

வாங்கிக் கொடுத்தார். ஏதோ டிவி ரிப்பேர் கடையில் முப்பது வருஷம் கிடந்த பெட்டி. சூட்கேஸ் மாதிரி கைப்பிடி, திறந்தால் ஒரு முள் மீட்டர். முள் பச்சையில் நின்றால் டியூப் நல்லது, சிவப்பில் நின்றால் கெட்டது. ஆனால் அது வீட்டு டிவிக்காகச் செய்தது. அதன் சாக்கெட் ஒன்றுகூட எங்கள் டியூபின் கழுத்தில் ஏறவில்லை. ஒன்றில் பின் அதிகம். இன்னொன்றில் குறைவு. மூன்றாவதில் எண்ணிக்கை சரி, வரிசை தப்பு. செத்த போர்டுகளிலிருந்து சாக்கெட்டைப் பிடுங்கி, எந்தப் பின் எதற்கு என்று ஒவ்வொன்றாகத் தேடி, கேபிள் கட்டினேன். அது ஒரு மானிட்டருக்குப் பொருந்தும்; அடுத்த பெட்டியைத் திறந்தால் அங்கே வேறு கழுத்து. மறுபடி முதலிலிருந்து. எட்டு மாதம், ஐயா. ஈயம் சுடாத விரல் நுனி எனக்கு இல்லை. தினமும் பெட்டியைத் திறக்குமுன் கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தான் திறப்பேன். டிக்கெட் கவுண்டர் அம்மா மட்டும் விடமாட்டார். "என்ன முள்ளு சார், இன்னிக்காவது முள்ளு அசைஞ்சுதா, இல்ல அதுவும் உங்கள மாதிரி மொறைச்சுக்கிட்டே நிக்குதா?" என்பார். கூடத்தில் எனக்கு முள்ளு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கடைசியில் அசைந்தது. டெஸ்டர் மேஜையில் இருக்கும், மானிட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நீளமாக, மெல்லிய கம்பிகளைப் பின்னி ஒரு கேபிள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. மங்கிய டியூப்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பதினொன்றுக்கு முள் சிவப்பிலேயே நின்றது. கெட்ட டியூபை அப்படியே வீசக்கூடாது, உள்ளே காற்றில்லாததால் வெடிக்கும். கழுத்தின் முனையைக் கிள்ளி உடைக்க வேண்டும். உஸ் என்று ஒரு சத்தம் வரும். பிறகு அது வெறும் கண்ணாடி. அந்தச் சத்தத்தைப் பதினொரு தடவை கேட்டேன்.

பன்னிரண்டாவதும் சிவப்பையே காட்டியது; அதையும் உடைக்கக் குறடு எடுத்தபோது தங்கையின் கணவர், "கொஞ்சம் இருங்க மச்சான்" என்றார்.

அவர் எதற்கும் பதறாத மனிதர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, டியூபின் கழுத்தருகே வோல்ட் எவ்வளவு வருகிறது என்று அளந்து பார்த்தார். டியூபுக்குள் ஒரு சின்ன இழை சூடேற வேண்டும், ஐயா. அதற்கு ஆறு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். டெஸ்டரிலிருந்து சரியாகத்தான் கிளம்பியது. என் மெல்லிய கம்பியில் அவ்வளவு தூரம் போவதற்குள் ஐந்தரையாகக் குறைந்துவிட்டது. அரைச் சூட்டில் நல்ல டியூபும் செத்ததுபோலத்தான் காட்டும். அவர் இரண்டே இரண்டு கம்பிகளைத் தடிமனாக மாற்றினார். என் டம்ளரில் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. முள் சாவகாசமாக எழுந்து பச்சையில் போய் நின்றது.

பின்பக்கத்தில் பதினொன்று கழுத்து ஒடிந்து கிடப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விடுங்க மச்சான். இத்தனை பின்னையும் தேடிக் கோத்தது நீங்கதானே. நானா இருந்தா ரெண்டாம் நாளே பொட்டிய மூடி வச்சிட்டு ஓடியிருப்பேன்" என்று சிரித்தார். முதலாளி வந்தபோது, "மச்சான் ஒரு சின்னத் திருத்தம் பண்ணினார் சார். இப்ப கனகச்சிதம்" என்றார். முதலாளி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இந்த இடத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவர் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். முதலாளியிடம் போட்டுக்கொடுத்திருந்தால் அதையும் தாங்கியிருப்பேன். அவர் எதையும் செய்யவில்லை. வீட்டில் போய், "உங்க அண்ணன் மூளைதான் மூளை" என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அவள் பூரித்துப்போய் எனக்குப் போன் செய்தாள். என் முட்டி வலிக்கிறதென்று பெட்டிக்குப் பின்னால் நுழையும் வேலையை எல்லாம் அவரே எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் இப்படியே போயிற்று. அவர் எனக்கு ஏதாவது நல்லது செய்யும்போதெல்லாம் என் காதில் உஸ் என்றது. இதைக் கோபம் என்று எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டிக்குப் பின்னால் நுழைந்தவருக்குச் சுவிட்ச் தெரியாது. அது முன்சுவரில், மற்றவர் நிற்கும் பக்கம். அதனால் உள்ளே இருப்பவர், "தொடலாமா?" என்று கேட்பார். சுவிட்சருகே நிற்பவர் அணைத்துவிட்டு, "தொடலாம்" என்பார். அந்தப் பதில் வராமல் கை உள்ளே போகாது. பேச்சும் கேலியும் ஒருபக்கம் ஓடும்; அந்த ஒரு சொல்லில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. ஒன்பது வருஷத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அடிகூடப் பட்டதில்லை.

அன்று மதியம், கூடம் திறக்க ஒரு மணி நேரம் இருந்தது. மூலையில் இருந்த பெட்டி. மற்ற இணைப்புகளை எல்லாம் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் விட்டிருந்தோம். அவர் பின்னால் நுழைந்து, "போடுங்க மச்சான், பாப்போம்" என்றார். போட்டேன். திரை இருட்டாகவே இருந்தது. "ஃபியூஸ் போயிருக்கும்போல. அணைச்சிடுங்க, கழட்டிப் பாக்கறேன்" என்றார். ஃபியூஸ் போன மானிட்டரில் வெளிச்சமும் வராது, சத்தமும் வராது. ஆனால் ஃபியூஸின் முனைவரை மின்சாரம் வந்து நிற்கும்.

பிறகு உள்ளேயிருந்தே சொன்னார். "மச்சான், அந்தக் கேபிள் படத்த ஒரு நோட்டுல வரைஞ்சிருக்கேன். வேற கூடத்துக்காரங்களும் கேக்கறாங்கன்னு முதலாளி சொன்னார். மேல உங்க பேரத்தான் எழுதியிருக்கேன். உங்க பேர்லயே இருக்கட்டும், என்ன?"

சுவிட்சின் மேல் விரலை வைத்தேன்.

"தொடலாமா மச்சான்?"

"தொடலாம்" என்றேன்.

என் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. அதை நான் அழுத்தவில்லை. மறதியில் வாய் தவறி வந்தது என்று அன்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். அவர்களும் பாவம் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டார்கள். மறதி இல்லை. அவர் இடதுகை இரும்புச் சட்டத்தைப் பிடிக்கும் சத்தம் கேட்டது. வலதுகை ஃபியூஸுக்குப் போவதற்குள் ஒரு மூச்சு நேரம் இருந்தது. "இருங்க" என்று சொல்ல அது போதும். அவர் என்னிடம் அப்படித்தான் சொன்னார், அந்தப் பன்னிரண்டாவது டியூபுக்காக. நான் சொல்லவில்லை.

தங்கை என் தோளில் சாய்ந்து, "கடைசி நிமிஷத்துல நீயாவது பக்கத்துல இருந்தியே அண்ணா" என்று அழுதாள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை அவளே கட்டி அனுப்புகிறாள். இன்று அந்த டப்பாவோடு நோட்டையும் அனுப்பியிருந்தாள், அவர் எனக்கென்று வைத்திருந்தாராம். பின்களை வரிசையாக, சிவப்பு மையில், குழந்தைக்கும் புரிகிறமாதிரி வரைந்திருக்கிறார். மேலே என் பெயர். தடித்த கம்பி இரண்டையும் காட்டி அம்புக்குறி போட்டு, 'இது மச்சான் யோசனை' என்று எழுதியிருக்கிறார். டப்பாவை மூடிவிட்டு நேரே இங்கே வந்தேன்.

நோட்டு இதோ, உங்கள் மேஜையில் இருக்கிறது. என் தங்கையின் கணவரை நான்தான் கொன்றேன். தெரிந்து, நிதானமாக, ஒரு சொல்லால். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள், ஐயா. அந்தத் தடித்த கம்பியை, அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இன்னும் ஒரு வாரத்தில் நானே கண்டுபிடித்திருப்பேன்.