சனிக்கிழமைக்கு ஒரு புத்தகம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் மாணவர்கள் அதிகமாகக் கேட்கும் கேள்வி, போனுக்கு சார்ஜ் போட இடம் இருக்கிறதா என்பதுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஐயா. ஜன்னலோரம் இரண்டு பிளக் பாயிண்ட் நானே முதல்வரிடம் கேட்டு வாங்கிப் போட்டேன். அதற்காகவாவது நாலு பேர் உள்ளே வருகிறார்கள்.

என் பெயர் சடகோபன். அந்த நூலகத்துக்கு நூலகர். நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. பள்ளிப்பட்டு தரைப்பாலத்தில் புவனா என்ற பெண் வெள்ளத்தில் போன வழக்கை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள் என்பதும் தெரியும். அதில் ஒரு இடம் தப்பாக இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். நேரமாகும். உங்களுக்கு வேறு வேலை இருந்தால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். காத்திருப்பது எனக்குக் கைவந்த கலை.

திருத்தணியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கிருத்திகை வந்தால் தெரு கொள்ளாது. ஆனால் அத்தனை பேரும் மலையைப் பார்த்து நடக்கிறவர்கள். நான் அடிவாரத்தில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். கல்யாணம் அமையவில்லை. வேலூரில் அக்கா ஒருத்தி இருக்கிறாள், தீபாவளிக்குப் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் பரிமாறுகிறவர், "இன்னா சார், வழக்கம்போலயா?" என்பார். நான் "ஆங்" என்பேன். அன்றைய பொழுதுக்கு என் பேச்சு அவ்வளவுதான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

புவனா எங்கள் கல்லூரியில் எம்.ஏ. வரலாறு படித்தவள். அப்பா வேணு பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஆற்றைத் தாண்டி ஒரு கிராமத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். இவள் தனியார் பள்ளியில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே சென்னையில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்தாள். திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு நடந்த எல்லைப் போராட்டம்தான் ஆய்வு. முதல் வேலையாக, அதைப் பற்றி வந்த புத்தகங்கள், சிறு வெளியீடுகள், மாநாட்டு மலர்கள் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று புத்தகத்துக்குப் பத்து வரி குறிப்பு எழுத வேண்டும். விளக்க நூலடைவு என்போம். வருஷக் கடைசிக்குள் அதைக் கொடுக்காவிட்டால் அவள் பதிவே ரத்தாகிவிடும்.

அவள் நெறியாளர் அனிதா மேடம் ஒரு விதி போட்டிருந்தார். கையில் எடுத்துப் புரட்டாத புத்தகத்துக்குக் குறிப்பு எழுதக் கூடாது. இன்னொருவர் எழுதியதைப் பார்த்து எழுதக் கூடாது, போட்டோ பார்த்தும் எழுதக் கூடாது. நல்ல விதி. நான் அந்த அம்மாளைப் பார்த்ததில்லை, ஆனால் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அந்த விதி இருக்கும்வரை ஒவ்வொரு புத்தகத்துக்கும் புவனா நேரில்தானே வர வேண்டும்.

பழைய மாணவி என்று அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை வந்தாள். தேட வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். முக்கால்வாசி எங்களிடமே இருந்தன. அந்தக் காலத்தில் போராட்டத்தில் இருந்த ஒருவர் சாகும்போது தன் அலமாரியை அப்படியே கல்லூரிக்குக் கொடுத்திருந்தார். யாரும் தொடாமல் பின்பக்க அறையில் கிடந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்து அவள் மேஜையில் வைத்திருக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் வேலை முடிந்திருக்கும்.

நான் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. "சூப்பர் சார், இது எங்கயுமே கிடைக்கலன்னு மேடம் சொன்னாங்க. எப்டி சார் புடிச்சீங்க?" என்றாள். எங்கள் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மற்றதெல்லாம் தேடிப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வாம்மா என்றேன்.

நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஒளிக்கப் பூட்டும் சாவியும் தேவையில்லை. இடம் மாற்றி வைத்தால் போதும். தாவரவியல் அடுக்கில் செருகிய எல்லைப் போராட்டப் புத்தகம் காணாமல் போன புத்தகம்தான். அட்டவணையில் பெயர் இருக்கும், அடுக்கில் இருக்காது. அன்று சாயங்காலமே அந்த அலமாரியை நாலு திசைக்கும் பிரித்து வைத்தேன். விலங்கியலில் கொஞ்சம், வணிகவியலில் கொஞ்சம். பிறகு சனிக்கிழமைக்கு ஒன்றாகக் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

கம்ப்யூட்டரில் ஆய்விதழ்கள் படிக்க ஒரு பாஸ்வேர்டு உண்டு. அதை வீட்டிலிருந்தும் போடலாம். கல்லூரிக்குள் மட்டும்தான் வேலை செய்யும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவ்வப்போது மாற்றியும் வைப்பேன். "சார், திரும்பவும் உள்ள போவ மாட்டேங்குது" என்று என் மேஜைக்கு வருவாள். நான் எழுந்து போய்ப் போட்டுக் கொடுப்பேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தப்பாக நினைக்காதீர்கள், நான் அவளைத் தவறான எண்ணத்தோடு ஒரு நாளும் பார்க்கவில்லை. விரல் நுனிகூடப் பட்டதில்லை. பிளாஸ்கில் டீ கொண்டுபோவேன். ஆளுக்கொரு டம்ளர் குடிப்போம். அவள் படித்ததைச் சொல்வாள். ஒரு ஊரே தமிழா தெலுங்கா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, தங்கள் வீட்டில் சமையல்கட்டில் தெலுங்கு, வாசலில் தமிழ் என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வாரம் முழுக்க எனக்குப் போதும்.

நவம்பர் வந்தது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "இப்டியே போனா முடிக்க முடியாது சார். நானும் உங்ககூடத் தேடட்டுங்களா?" என்று கேட்டாள். அடுக்குப் பகுதிக்குள் வெளியாள் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போனது. பாவமாக இருந்தது. அதனால் அந்த மாதம் ஒரே சனிக்கிழமையில் இரண்டு புத்தகம்கூடக் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பரில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இரண்டு மொழியிலும் அச்சடித்த ஒரு மாநாட்டு மலர். ஒரு பக்கமிருந்து திறந்தால் தமிழ், திருப்பிப் பிடித்தால் தெலுங்கு. இரண்டும் படிக்கத் தெரிந்தவள் என்பதால் அதன்மேல் அவளுக்குத் தனி ஆசை. அது என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் சனிக்கிழமை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சித்தூரில் ஒரு நண்பரிடம் இருக்கிறது, அவர் வரும்போது கொண்டுவருவார் என்றேன். அப்படி ஒரு நண்பர் கிடையாது. எங்கள் கல்லூரி முத்திரை இருந்த பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி வைத்தேன், அவள் பார்த்துவிடக் கூடாதே என்று. இரண்டு சனிக்கிழமை அவள் வந்து வெறுங்கையோடு திரும்பினாள். பஸ் மாறிப் போக எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு அந்தப் புயல் மழை. கலெக்டர் விடுமுறை விட்டார். ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. மெஸ்கூட இல்லை. மூன்று நாள் நான் ஒருவரோடும் பேசவில்லை, ஐயா. நடுவில் ஒருமுறை என் குரல் வருகிறதா என்று அறையில் தனியாக என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அப்போது எனக்கு அழுகை வந்தது. சனிக்கிழமை காலை குடை பிடித்துக்கொண்டு போய் நூலகத்தைத் திறந்தேன். விடுமுறைதான், சாவி என்னிடம் இருக்கிறதே. விளக்குப் போட்டு, மேஜையைத் துடைத்து, மலரை வைத்தேன். புவனாவுக்குப் போன் செய்தேன்.

"புக்கு வந்துடுச்சும்மா. சித்தூர்க்காரர் சாயங்காலம் திருப்பி எடுத்துட்டுப் போறாரு. இன்னிக்கு விட்டா அப்புறம் கஷ்டம்" என்றேன்.

"பஸ்ஸெல்லாம் நிறுத்திட்டாங்க சார். நைனாவைக் கேட்டுட்டு ஸ்கூட்டியில வரேன்" என்றாள். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. மழையிலும் வேணு தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம், பாலத்தில் தண்ணீர் இருந்தால் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

பாலத்துக்கு வந்ததும் அவளே கூப்பிட்டாள். அந்தக் கடைசிப் பேச்சுதான் உங்கள் கோப்பில் தப்பாக இருக்கிறது.

"சார், பாலத்து மேல தண்ணி ஓடிகினு இருக்குது. முட்டிக்குக் கீழதான், ஆனா வேகமாப் போவுது. பயமா இருக்குது சார். திரும்பிடட்டுங்களா?"

"உன் இஷ்டம்மா. நான் இங்க வந்து உக்காந்திருக்கேன். அவரும் வெயிட் பண்றாரு. நாளைக்கு அந்தப் புக்கு இங்க இருக்காது, பாத்துக்க."

போனில் டிராக்டர் சத்தம் கேட்டது. "டிராக்டர் ஒண்ணு எறங்குது சார். அது பின்னாலயே வந்துடறேன்" என்றாள். "பாத்து வாம்மா" என்றேன். பார்த்து வரச் சொன்னேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு டம்ளரைக் கழுவி வைத்துக் காத்திருந்தேன். நேரம் போனது. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. பயந்து திரும்பிப் போயிருப்பாள், ஒரு போன்கூடப் போடவில்லையே என்று நினைத்தேன். நானும் கூப்பிடவில்லை. ரோஷம்தான். பிளாஸ்கில் இருந்த டீயைக் கொட்டிவிட்டு அறைக்குப் போய்விட்டேன். மறுநாள் செய்தி வந்தது. டிராக்டர் கரையேறிவிட்டது, பின்னால் வந்த பெண்ணைக் காணவில்லை என்று சொன்னார்கள். நான் நூலகத்துக்குப் போய் ஈரத்துணியால் அந்த வெள்ளைத்தாளைப் பக்குவமாக உரித்தேன். முத்திரை கொஞ்சமும் அழியவில்லை. மலரை அதற்குரிய இடத்தில் வைத்தேன். மற்ற புத்தகங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தேன். அன்றைக்கு நிறைய வேலை.

காரியம் முடிந்து வேணு வந்தார். "கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்குது சார். இன்னா சொல்லிச்சு?" என்று கேட்டார். வராதேம்மா, திரும்பிப் போயிடுன்னு சொன்னேன், கேட்கவில்லை என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். என் கையை ஒருவர் அப்படிப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உங்களிடமும் அதையேதான் அவர் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் மறுபடி வந்தார். அவள் எழுதி வைத்திருந்த காகிதங்களை ஒரு சேலைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "நீங்களே வெச்சிக்குங்க சார். தண்ணி இருந்தா திரும்பிடறேன் நைனான்னு எங்கிட்ட சொல்லிச்சு. நீங்களும் வேணாம்னீங்க. யார் பேச்சையும் கேக்கல. திமிரு சார், படிச்ச திமிரு. அது போட்டோவைக்கூட நான் மாட்டல" என்றார். தெரு முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

அவர் போனதும் காகிதங்களைப் பார்த்தேன். எல்லாம் அழகான கையெழுத்து. ஒவ்வொரு புத்தகத்துக்கும் நேர்மையான குறிப்பு. மலருக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். நன்றியுரைகூட எழுதி வைத்திருந்தாள். அனிதா மேடத்துக்கு நாலு வரி. நைனாவுக்கு ஒரு பத்தி. கடைசியில் "நூலகப் பணியாளர்களுக்கும்" என்று இரண்டே சொல். என் பெயர் இல்லை. கூச்சப்பட்டிருப்பாள். மனசுக்கு நெருங்கியவர்களின் பெயரை எழுத வெட்கமாகத்தானே இருக்கும்.

அதனால்தான் வந்தேன். பெற்ற தகப்பன் வாயால் அவளுக்கு அப்படி ஒரு பெயர் நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. புவனா சொல்பேச்சு கேட்காதவள் இல்லை. திரும்பிவிடட்டுமா என்று கேட்டவள். நான்தான் வரவழைத்தேன். ஆந்திராப் பக்கம் அணையைத் திறந்துவிட்டார்கள், கரையோரத்தில் இருப்பவர்கள் ஆற்றில் இறங்க வேண்டாம் என்ற எச்சரிக்கை அன்று காலையிலேயே என் போனுக்கு வந்திருந்தது. அவளைக் கூப்பிடுவதற்கு முன்பே அதைப் படித்தேன். படித்த பிறகுதான் கூப்பிட்டேன். இவ்வளவு தண்ணீரிலும் வருகிறாளா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இதற்கு என்ன பிரிவோ போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேணுவைக் கூப்பிட்டுச் சொல்லும்போது மட்டும் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் பெண் திமிரெடுத்து அந்த வெள்ளத்தில் இறங்கவில்லை. புத்தகத்துக்காகக்கூட இறங்கவில்லை, ஐயா. என்னைப் பார்க்கத்தான் வந்தாள்.